பக்கத்து வீட்டு பேஸ்மென்ட்

போன தடவை ஊருக்குப் போயிருந்தபோது சித்தப்பா கேட்டார்: "கல்கத்தாவுல உனக்கு என்னதாம்ப்பா வேலை?"

"பள்ளம் தோண்டுற வேலை சித்தப்பா."

"அதுக்கா எம்.டெக். படிச்ச?"

நியாயமான கேள்விதான். பதில் சொல்ல ஆரம்பித்தேன், அதற்குள் சித்தி காபியோடு வந்துவிட்டார், பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. அன்று சொல்ல விட்டுப்போனதை இங்கே எழுதி வைக்கிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தோண்டுவது பெரிய விஷயமில்லை. அதை ஜே.சி.பி. பார்த்துக்கொள்ளும். நகரத்துக்கு நடுவில் மூன்று அடுக்கு பார்க்கிங்குக்காகப் பத்துப் பன்னிரண்டு மீட்டர் ஆழத்துக்குத் தோண்டும்போது, ஒன்றரை மீட்டர் தள்ளி நிற்கும் பக்கத்துக் கட்டடம் என்ன செய்யும் என்பதுதான் கேள்வி. எவ்வளவு இறங்கும், எந்தப் பக்கம் சாயும், சுவரில் விரிசல் விடுமா, விட்டால் எவ்வளவு அகலம்? இதையெல்லாம் ஒரு பிடி மண் எடுப்பதற்கு முன்பே கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும். இந்த வித்தைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதில் பாதி, கணக்கு தப்பாகிப் போன கதைகள்.

சிகாகோவிலிருந்து ஆரம்பிக்கலாம். 1938-இல் அங்கே சுரங்க ரயில் பாதை வேலை தொடங்கியது. அந்த ஊரில் தரைக்குக் கீழே மெத்தென்ற களிமண். மண் இயக்கவியலின் தந்தை என்று எங்கள் பாடப்புத்தகங்கள் சொல்லும் கார்ல் டெர்சாகிதான் ஆலோசகர். களத்தில் இருந்து அளவெடுக்க அவர் வைத்துக்கொண்ட இளைஞர் ரால்ஃப் பெக். பெக் செய்தது எளிமையான காரியம். பள்ளத்தின் இரண்டு பக்கச் சுவர்களும் உள்ளே சாய்ந்துவிடாமல் குறுக்கே முட்டு கொடுப்பார்கள் இல்லையா, அந்த ஒவ்வொரு முட்டிலும் எவ்வளவு பாரம் வருகிறது என்று அளந்தார். ஆழம் போகப் போக அழுத்தம் முக்கோணமாகக் கூடிக்கொண்டே போகும் என்றது புத்தகம். முட்டுகள் அப்படிச் சொல்லவில்லை. மேல் முட்டுகள் எதிர்பார்த்ததைவிட அதிகமாகச் சுமந்தன. 1943-இல் பெக் இதைக் கட்டுரையாக எழுதினார். அந்த அளவுகளிலிருந்து பிறந்த அழுத்தப் படத்தைத்தான் இன்றும் முட்டு டிசைன் செய்ய முதல் கணக்காகப் போடுகிறோம்.

1969-இல் மெக்சிகோ நகரில் நடந்த மாநாட்டில் அதே பெக், அதுவரை உலகம் முழுக்கத் தோண்டிய பள்ளங்களின் அளவுகளைத் திரட்டி ஒரே வரைபடமாக்கினார். மண் நல்ல மண்ணாக இருந்தால் அக்கம்பக்கத்து நிலம் பள்ளத்தின் ஆழத்தில் ஒரு சதவீதம் வரை இறங்கலாம், மெத்தென்ற களிமண்ணாக இருந்தால் இரண்டு சதவீதம், அதற்கு மேலும் போகலாம். பத்து மீட்டர் தோண்டினால் பத்து சென்டிமீட்டர் என்று மனக்கணக்கு போட்டுக்கொள்ளலாம். ஒரு பக்கத்தில் அடங்கும் அறிவு. எனக்கு இன்னமும் பிடித்த படம் அதுதான்.

ஆனால் அந்தப் படத்துக்குப் பக்கத்தில் யார் குடியிருக்கிறார்கள் என்று தெரியாது. பக்கத்தில் வெறும் நிலமா, நூறு வருடத்துச் செங்கல் மாளிகையா, இரண்டு அடுக்கு பேஸ்மென்டோடு பத்து மாடியா என்பது அதற்கு ஒன்றுதான்.

இதற்கிடையே விமானக்காரர்கள் வேறொரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். இறக்கையைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் சமன்பாடு எழுதி, எல்லாவற்றையும் சேர்த்துக் கம்ப்யூட்டரிடம் கொடுப்பது. 1956-இல் இதைப் பற்றிய முக்கியமான கட்டுரை வந்தது. அதை எழுதியவர்களில் ஒருவரான ரே கிளஃப் 1960-இல் அதற்கு ஃபைனைட் எலிமென்ட் என்று பெயர் வைத்தார். சீக்கிரமே அது மண்ணுக்கும் வந்துவிட்டது. அலுமினியத்துக்குச் சரி, மண்ணுக்கு? அலுமினியத்தின் விறைப்பு ஒரே எண். மண்ணின் விறைப்பை ஒரே எண்ணில் சொல்ல முடியாது. இந்த ஒரு வித்தியாசத்தைப் புரிந்துகொள்ளவே இன்னும் இருபது வருடம் பிடித்தது.

அது புரிந்த இடம் லண்டன். 1970-களின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு கார் நிறுத்த இடம் இல்லை. (எந்த ஊர் எம்.பி.யாக இருந்தாலும் பிரச்சினை ஒன்றுதான் போலிருக்கிறது!) நாடாளுமன்ற முற்றத்திலேயே நிலத்துக்கு அடியில் ஐந்து அடுக்கு பார்க்கிங் கட்ட முடிவானது. ஆழம் 18.5 மீட்டர். பள்ளத்தின் விளிம்பிலிருந்து 3 மீட்டரில் வெஸ்ட்மின்ஸ்டர் ஹால், பதினோராம் நூற்றாண்டில் கட்ட ஆரம்பித்த கட்டடம். 16 மீட்டரில் பிக் பென் கோபுரம். கை நடுங்கும் வேலை. முதலில் சுற்றிலும் டயாபிராம் சுவரை இறக்கிவிட்டு, மேலிருந்து கீழாக ஒவ்வொரு தளமாகக் கான்கிரீட் போட்டு அந்தத் தளங்களையே முட்டாக வைத்துக்கொண்டு இறங்கினார்கள். ஜான் பர்லண்டும் அவருடைய சகாக்களும் முன்கூட்டியே ஃபைனைட் எலிமென்ட் கணக்கு போட்டார்கள், வேலை நடக்கும்போது கூடவே அளந்தார்கள். ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் கணக்கு நன்றாகவே வந்தது. கோபுரமும் ஹாலும் பத்திரமாக நின்றன.

ஒரு இடத்தில்தான் உதைத்தது. மண்ணை ரப்பர் மாதிரி நேர்கோட்டில் விறைப்புள்ள பொருளாக வைத்துக் கணக்கு போட்டால் சுவருக்கு வெளியே நிலம் பரந்து, தட்டையாக, வெகுதூரத்துக்கு அசையும். கோபுரம் பள்ளத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சாயும் என்று வரும். நிஜத்தில் அசைவு சுவரை ஒட்டியே குவிந்தது, கோபுரம் பள்ளத்தின் பக்கமாகத்தான் லேசாகச் சாய்ந்தது. சில மில்லிமீட்டர் சமாச்சாரம். ஆனால் திசையே தப்பு!

ஏன் தப்பு? லண்டன் களிமண் மிக மிகச் சின்ன அசைவுக்கு எதிர்பாராத அளவு விறைப்பாக இருக்கிறது. அசைவு கொஞ்சம் கூடினால் விறைப்பு மளமளவென்று குறைகிறது. பள்ளத்திலிருந்து தூரத்தில் இருக்கும் மண் அசைவது கொஞ்சம்தான், அதனால் அது கல் மாதிரி நின்றுவிடும். பக்கத்தில் இருப்பது மட்டும் இளகும். அந்தக் காலத்து ஆய்வுக்கூடக் கருவிகளால் இவ்வளவு சின்ன அசைவை அளக்க முடியவில்லை, அவ்வளவுதான். 1979-இல் பிரையன் சிம்ப்சனும் கூட இருவரும் இந்தக் குணத்தைப் புகுத்தி லண்டன் களிமண்ணுக்கு ஒரு கம்ப்யூட்டர் மாடல் எழுதினார்கள். பின்னால் 1992-இல் ராங்கின் உரையில் சிம்ப்சன் இதற்கு ஒரு உவமை சொன்னார். ஒரு ஆள் கயிறுகளில் செங்கல்களைக் கட்டிக்கொண்டு அறைக்குள் நடக்கிறான். கயிறுகள் வேறு வேறு நீளம். ரெண்டு அடி நகர்ந்தால் ஒரு செங்கல் பின்னால் வரும், இன்னும் நகர்ந்தால் இன்னொன்று. திரும்பி நடந்தால் கயிறெல்லாம் முதலில் தொய்ந்து போகும், எந்தச் செங்கல்லும் உடனே வராது. மண்ணுக்கும் அப்படி ஞாபகம் உண்டு, எந்தத் திசையிலிருந்து வந்தோம் என்ற ஞாபகம். முதல்முறை படித்தபோது சிரித்தேன். பிறகு பல ராத்திரிகள் அந்தச் செங்கல்களோடுதான் போயின.

1990-களில் அதே பிக் பென்னுக்குப் பக்கத்தில், ஜூபிலி லைன் நீட்டிப்புக்காக 39 மீட்டர் ஆழத்தில் வெஸ்ட்மின்ஸ்டர் ஸ்டேஷனைத் தோண்டினார்கள். இந்த முறை மாடல்கள் தேறியிருந்தன. அப்படியும் மாடலை மட்டும் நம்பவில்லை. கோபுரத்தின் அடியில் குழாய்களைச் செருகி வைத்து, சாய்வு கூடும்போதெல்லாம் சிமென்ட் குழம்பைப் பீய்ச்சிக் கட்டுக்குள் வைத்திருந்தார்கள். அது தனிக் கதை.

சரி, அசிங்கமான கதைக்கு வருவோம்.

ஹாலந்து தாழ்நிலம். அங்கே மெத்து மண்மேல் கரை கட்டுவதற்காக டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தில் 1987-இல் பிளாக்ஸிஸ் என்ற புரோகிராமை எழுத ஆரம்பித்தார்கள். மவுஸால் படம் வரைந்தால் போதும், சமன்பாடெல்லாம் அது பார்த்துக்கொள்ளும். ஆராய்ச்சியாளர்கள் கையில் இருந்த வித்தை என்னைப் போன்ற சாதாரண இஞ்சினியர்கள் கைக்கு வந்தது. அதில் மெத்துக் களிமண்ணின் வலிமையைக் கொடுக்க ஒன்றுக்கு மேல் வழி உண்டு. ஒரு வழியில் மண்ணின் உராய்வுக் கோணத்தைக் கொடுத்துவிட்டு, நீர் வடியாத நிலையில் எவ்வளவு தாங்கும் என்பதைப் புரோகிராமே கண்டுபிடிக்கட்டும் என்று விடலாம். இன்னொரு வழியில் அந்த வலிமையை நாமே அளந்து நேரடியாகக் கொடுக்கலாம். முதல் வழிக்கு மெத்தட் ஏ, இரண்டாவதற்கு மெத்தட் பி. எளிய மண் மாடலோடு முதல் வழியைப் பயன்படுத்தினால் ஒரு ஆபத்து இருக்கிறது. நிஜ மெத்துக் களிமண்ணை நெருக்கினால் உள்ளே நீரழுத்தம் ஏறி மண் தளர்ந்துபோகும். எளிய மாடலுக்கு அது தெரியாது. இல்லாத வலிமையை இருப்பதாகச் சொல்லும்.

சிங்கப்பூரில் சர்க்கிள் லைன் ரயில் பாதைக்காக நிக்கல் ஹைவேயை ஒட்டிச் சுமார் 30 மீட்டர் ஆழத்துக்குத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். கடலைத் தூர்த்து உண்டாக்கிய நிலம், அடியில் கடற்களிமண். டிசைன் மெத்தட் ஏ. பத்து வரிசை முட்டுகள் திட்டம். 2004 ஏப்ரல் 20 அன்று ஒன்பதாவது வரிசை முட்டு போட்டாகிவிட்டது, பத்தாவதற்காகத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். காலையிலிருந்தே முட்டும் வாலரும் சேரும் இடங்களில் இரும்பு மடங்கிச் சத்தம் கேட்டது. பிற்பகல் மூன்றரை மணிக்குப் பள்ளம் மூடிக்கொண்டது. சுமார் நூறு மீட்டர் நெடுஞ்சாலையும் கூடவே போனது. நான்கு பேர் இறந்தார்கள். அதில் ஒரு மேஸ்திரி, தன் ஆட்களை மேலே ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்தவர். அவருடைய உடல் கிடைக்கவே இல்லை.

விசாரணைக் குழுவின் அறிக்கை 2005-இல் வந்தது. நெட்டில் இறக்கி ஒரு ராத்திரி முழுக்கப் படித்தேன், பிறகு பல தடவை. சரியான வழியில் போட்டிருந்தால் சுவரின் அசைவும் வளைவுத் திருப்புமையும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வந்திருக்கும். முட்டு, வாலர் இணைப்பின் டிசைனிலும் தனியாக ஒரு தப்பு இருந்தது. இரண்டும் கைகோத்துக்கொண்டன. ஆனால் என்னை உறுத்தியது இவை இரண்டும் அல்ல. சுவரின் அசைவு அனுமதித்த அளவைத் தாண்டியபோது, வேலையை நிறுத்துவதற்குப் பதிலாக மாடலின் எண்களை மாற்றி, அளந்த அசைவுக்குப் பொருந்தும்படி கணக்கைத் திருப்பிப் போட்டு, அனுமதி அளவையே உயர்த்தினார்கள். ஒரு தடவை அல்ல. கடைசியில் அந்தச் சுவர் 400 மில்லிமீட்டருக்கு மேல் நகர்ந்திருந்தது.

ஏன் உறுத்தியது என்றால், நானும் அதையே செய்திருக்கிறேன்.

கல்கத்தா மண்ணைப் பற்றி இரண்டு வரி. மேலே பதின்மூன்று பதினான்கு மீட்டருக்கு மெத்துக் களிமண், நடுவில் கறுப்பாக மக்கிப்போன மரத்துண்டுகள். இந்த மண்ணில்தான் 1984-இல் நாட்டின் முதல் மெட்ரோ ஓடியது. பெரும்பகுதியும் தெருவைத் திறந்து தோண்டிக் கட்டியது, பத்து வருடத்துக்கு மேல் நகரமே பள்ளமாகக் கிடந்ததாக இங்கே பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். இதே ஊரில் 2019 ஆகஸ்ட் கடைசியில், பவ்பஜாரில் சுரங்க இயந்திரம் நீரூற்றில் முட்டி, தெருத்தெருவாக வீடுகள் உட்கார்ந்தன. பள்ளம் என்றால் இந்த ஊர்க்காரர்கள் முகம் மாறுவதில் ஆச்சரியமில்லை.

என் விஷயம் அதற்குப் பல வருடம் முந்தியது. மூன்று அடுக்கு பேஸ்மென்ட், 11 மீட்டர் பள்ளம். பக்கத்தில் பேஸ்மென்டோடு கூடிய பழைய அலுவலகக் கட்டடம். பக்கத்தில் பேஸ்மென்ட் இருந்தால் கணக்கே வேறு. புது ஆட்கள் கட்டடத்தின் பாரத்தைத் தரைமட்டத்தில் அம்புக்குறிகளாகப் போட்டுவிடுவார்கள். அப்படியில்லை. ஏழு மீட்டர் மண்ணைத் தோண்டி எடுத்தால் சதுர மீட்டருக்குப் பன்னிரண்டு டன் போல வெளியே போகிறது. ஒரு மாடி சுமார் ஒரு டன். ஆக அந்த ஆழத்தில் உட்கார்ந்த பத்து மாடிக் கட்டடம், அடிமண்ணைப் பொறுத்தவரை, புதிதாக எதையும் சுமத்தவே இல்லை! அதன் பாரம் வருவதும் ஏழு மீட்டர் ஆழத்தில், நம் சுவரின் கீழ்ப்பாதியைத்தான் அது பார்க்கும். மேல்பாதிக்குப் பின்னால் இருப்பது இரண்டு சுவர்களுக்கும் நடுவில் மாட்டிய ஒல்லியான மண் பட்டை. குதிருக்குள் நெல் மாதிரி அது பக்கச் சுவர்களைப் பிடித்துக்கொண்டு தொங்கும், அழுத்தம் குறைவாகவே வரும். போதாததற்கு, அந்தப் பழைய பேஸ்மென்டைத் தோண்டியபோதே மண் ஒருமுறை இளகி, மறுபடி பாரம் ஏறியிருக்கிறது. சிம்ப்சனின் கயிறுகள் ஏற்கெனவே ஒருமுறை இழுபட்டவை. அதனால் முதலில் பழைய கட்டடத்தைக் கம்ப்யூட்டரில் கட்டி முடித்துவிட்டுத்தான் நம் பள்ளத்தை ஆரம்பிக்க வேண்டும்.

இதையெல்லாம் நான் சரியாகவே செய்தேன் என்றுதான் நினைத்தேன். பழைய வரைபடம் வாங்கி, பேஸ்மென்ட் தளத்தின் கனம் வரை போட்டிருந்தேன். மூன்றாவது முட்டு நிலையில் சுவர் 22 மி.மீ. அசையும் என்றது மாடல். இன்க்ளினோமீட்டர் 31 என்றது.

ஆபீசில் மேலதிகாரி அமைதியாகச் சொன்னார், "விறைப்பைக் கொஞ்சம் குறைத்துப் பார்." குறைத்தேன். 0.6-ஆல் பெருக்கினேன். கோடு அளவுப் புள்ளிகள் மேல் அப்படியே வந்து படுத்தது. அவ்வளவு அழகான வரைபடத்தை அதற்கு முன் நான் போட்டதில்லை. அறிக்கை எழுதி, அனுமதி அளவை உயர்த்தலாம் என்று பரிந்துரைத்து, கையெழுத்தும் போட்டுவிட்டேன். அனுப்புவதுதான் பாக்கி. அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. சிங்கப்பூர் அறிக்கையின் அந்த அத்தியாயத்தை எடுத்துப் பார்த்தேன். அங்கேயும் கோடுகள் புள்ளிகள் மேல் அழகாகத்தான் படுத்திருந்தன.

மறுநாள் காலையில் பக்கத்துக் கட்டடத்துக்குப் போனேன். தர்வான், பிகார்க்காரர், இருபது வருடமாக அங்கேயே இருப்பவர், பேஸ்மென்டைத் திறந்து காட்டினார். சுவரில் நாங்கள் ஒட்டிய கண்ணாடித் துண்டுகள் உடையாமல் இருந்தன. திரும்பும்போது சும்மா கேட்டேன், "தரைக்குக் கீழே வேறு ஒன்றும் இல்லையே?"

"தண்ணித் தொட்டி இருக்கு சாப். உங்க பக்கம்தான். வருஷா வருஷம் நான்தானே இறங்கிக் கழுவுறேன். ஆனா எவ்வளவு ரொப்பினாலும் விடிஞ்சா ஒரு சாண் இறங்கிடுது."

வரைபடத்தில் இல்லாத தொட்டி. பல வருடமாக ஒழுகும் தொட்டி. அன்றே எங்கள் சுவருக்கும் அவர்கள் சுவருக்கும் நடுவில் துளை போட்டுப் பார்த்தோம். களிமண்ணே இல்லை. அந்தக் காலத்தில் பேஸ்மென்ட் கட்டி முடித்துவிட்டு இடைவெளியில் செங்கல் உடைசலும் மணலும் கொட்டி மூடியிருக்கிறார்கள். அது முழுக்கத் தண்ணீர், தரையிலிருந்து அரை மீட்டர் ஆழம் வரை. மண்தான் குதிர் நெல் மாதிரி பக்கச் சுவரைப் பிடித்துத் தொங்கும். தண்ணீர் எதையும் பிடித்துக்கொள்ளாது, இடைவெளி ஒரு சாணாக இருந்தாலும் முழு அழுத்தமும் வரும். நான் விறைப்பைக் குறைத்த களிமண்ணுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அந்தத் திருத்திய மாடலோடு அடுத்த நிலைக்கு இறங்கியிருந்தால் எவ்வளவு தப்பு வந்திருக்கும் என்று பிறகு போட்டுப் பார்த்தேன். மூன்றாவது முட்டில் மட்டும் நான் சொன்னதைவிட ஒன்றரை மடங்கு பாரம்.

வேலையை நான்கு நாள் நிறுத்தினோம். (அந்த நான்கு நாளும் ஆபீசில் என்னோடு யாரும் சரியாகப் பேசவில்லை.) தொட்டியைக் காலி செய்து, இடைவெளித் தண்ணீரைப் பம்பு வைத்து மெதுவாக இறக்கினோம். மெதுவாக என்பது முக்கியம், வேகமாக இறக்கினால் பக்கத்துக் கட்டடத்தின் அடிமண் நீரை இழந்து சுருங்கும். இரண்டு முட்டுகள் கூடுதலாகப் போட்டோம். பள்ளம் அடி சேர்ந்தபோது அளவு 38-இல் நின்றது. பக்கத்து பேஸ்மென்டில் ஒரு கண்ணாடி மட்டும் உடைந்தது, விரிசல் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. பர்லண்டின் பட்டியலில் அது "மிக லேசானது" என்ற வகை, வெள்ளையடித்தால் மறைந்துவிடும்.

கையெழுத்துப் போட்ட அந்த அறிக்கை இன்னும் என் கம்ப்யூட்டரில் இருக்கிறது. புதிதாகச் சேரும் பையன்களுக்கு வரைபடத்தை மட்டும் காட்டி, இதில் என்ன தப்பு என்று கேட்பேன். இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. எல்லோரும் சொல்வது, "சூப்பரா மேட்ச் ஆகுது சார்."